வயதுக் கட்டம்

காலை ஆறரை மணிக்கு அப்பா இரண்டு தம்ளர் டீயுடன் வந்து அவள் மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிய முட்டி உட்காரும்போது ஒரு தடவை முனகும். தம்ளரை மடிக்கணினிக்கு எட்டாத தூரத்தில் வைப்பார். ஒரு முறை கொட்டி மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையில் ஓர் எழுத்தும் புரியாவிட்டாலும், சாலையைப் பார்ப்பதுபோல் நேராகப் பார்ப்பார்.

"போடும்மா."

போடுவது என்றால், அடையாளம் தெரியாதோர் பதிவேட்டில் தேடுவது. விபத்தில் அடிபட்டும் தெருவில் மயங்கி விழுந்தும் வருகிறவர்கள், பிணமாகவே வருகிறவர்கள் என்று, யார் எவர் எனச் சொல்ல ஆளில்லாத எல்லோரையும் எல்லா ஆஸ்பத்திரிகளும் அந்தப் பதிவேட்டில் அன்றன்றைக்கே ஏற்றவேண்டும் என்பது உத்தரவு. பதிவேடு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தே கிடக்கிறது. பக்கம் பக்கமாகப் புரட்டவும் வேண்டியதில்லை. ஏபிஐ என்று அதற்கு ஒரு வாசல் உண்டு. அந்த வாசலில் ஒரு வரி எழுதிக் கேட்டால், கேட்ட நிபந்தனைக்குப் பொருந்துகிறவர்களை மட்டும் பொறுக்கிக் கொடுக்கும். கேட்கிற வரிக்குக் குவெரி என்று பெயர், நிபந்தனைக்கு ஃபில்டர் என்று பெயர். இந்தப் பதினாலு மாதத்தில் அப்பாவுக்கு அந்த ஃபில்டர் மனப்பாடம்.

"ஆம்பளை. வயசு இருபத்தஞ்சுலேருந்து முப்பத்தஞ்சு. உயரம் நூத்தி அறுபத்தஞ்சுலேருந்து நூத்தி எழுபத்தஞ்சு. நேத்து ஏத்தினது. சரிதானே?"

"சரிப்பா."

"தட்டு."

தட்டுவாள். ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் பதில் வரும்.

"பூஜ்யம்பா."

"நல்லது," என்று சொல்லிவிட்டு அப்பா தம்ளரை எடுப்பார். அந்த வீட்டில் பூஜ்யம்தான் நல்ல சேதி. பூஜ்யம் என்றால் அவன் எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. எங்கேயோ வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, கோபம் மட்டும் தணியாமல் இருக்கிறான் என்று அர்த்தம். பதினாலு மாதத்தில் ஏழு நாள்தான் பூஜ்யம் வராமல் ஒன்றோ இரண்டோ வந்திருக்கிறது. அந்த ஏழு நாளும் அப்பாவின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஏழு நாளும் அது வேறு யார் வீட்டுப் பிள்ளையோ. சே, நம்ம பிள்ளை இல்லை என்று சந்தோஷப்பட்டோமே என்று அப்பா அப்புறம் அரை நாள் வெட்கப்படுவார்.

தேடப்படுகிறவன் அவள் தம்பி. அப்பா வாயில் அவனுக்குத் 'துரை' என்று பேர். பத்து மணிக்கு எழுந்து காபி எங்கே என்று கேட்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது என்பது அப்பாவின் நியாயம். முப்பது வயது, ஏசி மெக்கானிக், கைராசிக்காரன், ஆனால் எந்த முதலாளியோடும் ஆறு மாதத்துக்கு மேல் ஒத்துப்போகாத வாய். மூன்றாவது வேலையையும் உதறிவிட்டு வந்த அன்றைக்கு அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வைத்தே வாங்கு வாங்கென்று வாங்கினார். கடைசியில், "இனிமே என் கண்ணு முன்னால வந்து நிக்காதே," என்றார். எந்த அப்பன்தான் சொல்லாத வார்த்தை? துரையும் அப்பன் பேச்சை முதல் தடவையாகத் தட்டாமல் கேட்டான். கதவைப் படாரென்று சாத்தியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். போனும் பர்ஸும் சார்ஜருக்குப் பக்கத்திலேயே கிடந்தன.

அப்பா அதற்கப்புறம் அவனைக் கண்ணால் பார்க்கவில்லை. பெற்றவன் வாயிலிருந்து வந்த கடைசி வார்த்தை அதுவாகவே நின்றுவிடுமோ என்பதுதான் அவரைத் தின்றது. அவன் ஒரு தடவை திரும்பி வந்து எதிரில் நிற்கவேண்டும், தான் பேசாமல் ஒரு தட்டை நகர்த்தி வைக்கவேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். முப்பது வயசு ஆம்பளை, கோபம் தீர்ந்தா வருவான் என்று அங்கே சொன்னார்கள். மூன்றாம் நாள் அப்பா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கக் கிளம்பினார். இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளில் படியேறியதோடு முட்டி வீங்கிவிட்டது. அவள்தான் தடுத்தாள்.

"எதுக்குப்பா அலையறீங்க? எல்லா ஆஸ்பத்திரியும் எங்க பதிவேட்டுலதான் ஏத்தியாகணும். நான் வீட்டுல உக்காந்தே தினமும் பாத்துடறேன். உங்க ரெண்டு காலைவிட அது நல்லா ஓடும்."

அப்பா மகளை நம்பினார். நம்பாமல் என்ன, அது அவளுடைய பிழைப்பு. அரசாங்கத்தின் பொதுத் தரவு அலுவலகத்தில் பதினொரு வருஷமாக இருக்கிறாள். ஊரிலுள்ள தண்ணீர்த் தொட்டிகள், தெருவிளக்குகள், பிறப்பு, இறப்பு, எல்லாவற்றின் அட்டவணைகளும் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். குப்பையையும் மணியையும் பிரித்துவிடுவாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர். முதலில் கேலியாக வைத்தார்கள். பிறகு மரியாதையாக ஆகிவிட்டது. அவளும் அதைக் கொஞ்சம் ரசித்தாள் என்றுதான் சொல்லவேண்டும்.

அந்தச் சல்லடை செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. தம்பி போவதற்கு இரண்டு வருஷம் முன்னால், இதே பதிவேட்டைச் சரிபார்த்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. அடையாளம் தெரியாத ஆண்களில் பாதிப் பேருக்கு நாற்பது வயது. மீதியில் பாதிக்கு முப்பது. வயது தெரியாதபோது குமாஸ்தாக்கள் குத்துமதிப்பாக ஒரு முழு எண்ணைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே ஒரு சுற்றறிக்கை எழுதினாள். "தெரியாத வயதை ஊகித்து எழுதக் கூடாது. கட்டத்தைக் காலியாக விடவும்." கையெழுத்து மேலதிகாரியுடையது, வாசகம் அவளுடையது. பொய்யைவிடக் காலி மேல் என்று கூட்டத்தில் பேசிக் கைதட்டலும் வாங்கினாள். ஆஸ்பத்திரிகள் முணுமுணுத்தாலும் கீழ்ப்படிந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து அவரவர் கண்கள் சொருகிக்கொண்டிருந்த நேரத்தில், அலுவலக முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. யாரோ ஓர் ஆராய்ச்சி மாணவி. பதிவேட்டில் மொத்தம் இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினாறு பேர் இருப்பதாகக் காட்டுகிறது, வயது பூஜ்யத்திலிருந்து நூற்றிருபது வரை என்று ஃபில்டர் போட்டால் ஆயிரத்து எழுநூற்று நான்கு பேர்தான் வருகிறார்கள், மீதி அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் எங்கே போனார்கள் என்று கேட்டிருந்தாள்.

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இந்தக் கேள்வி மாசத்துக்கு ஒண்ணு வருது. நீங்களே பதில் போட்டுடுங்க சல்லடை மேடம்."

அவள் போட ஆரம்பித்தாள். கை தன்பாட்டில் எழுதியது. எத்தனையோ பேருக்கு எழுதிய பதில். 'வணக்கம். வயது காலியாக விடப்பட்ட பதிவுகள், வயதை வைத்து எழுதும் எந்த ஃபில்டரிலும் வராது. உதாரணமாக, வயது இருபத்தைந்துக்கு மேலா என்று கேட்டாலும் சரி, முப்பத்தைந்துக்குக் கீழா என்று கேட்டாலும் சரி, காலியான கட்டத்துக்குக் கணினி ஆமாம் என்று சொல்லாது. அவர்களும் வேண்டுமென்றால், "அல்லது வயது காலி" என்று ஒரு நிபந்தனை...'

இருபத்தைந்து, முப்பத்தைந்து. உதாரணத்துக்கு உலகத்தில் எத்தனையோ எண் இருக்க, கை தினமும் காலையில் தட்டுகிற எண்ணையே தட்டியிருந்தது. அவள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மின்விசிறிச் சத்தம் கேட்டது. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததைத் தன் வீட்டு வரியில் எழுத அவள் மறந்திருந்தாள். தம்பிக்கு வயது முப்பது என்று அவளுக்குத் தெரியும். தனக்குத் தெரிந்தது பதிவேட்டில் ஏற்றுகிறவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்று கை நினைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அவள் அந்தக் குவெரியைத் திறந்தாள். ஆண். உயரம் அதே. அவன் போன நாளுக்குப் பின். வயது காலி. தட்டுவதற்கு முன்னால், பூஜ்யம் வா, பூஜ்யம் வா என்று வாய்க்குள் சொன்னாள்.

நான்கு பேர் வந்தார்கள். மூன்றாவது ஆள், உயரம் நூற்று எழுபத்தொன்று. இடது கால் கட்டைவிரலில் நகம் இல்லை. இரண்டாவது முதலாளியிடம் வேலை பார்த்தபோது கம்ப்ரஸர் விழுந்து போன நகம். வீட்டைவிட்டுப் போன ஒன்பதாம் நாள் சாலையோரத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறார்கள். தலையில் அடி. நினைவில்லை. அதற்கடுத்த கட்டத்தில் ஒரு தேதி இருந்தது, இறந்த நாள். அவள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். கணக்கு வழக்கில் புலி என்று பேர் வாங்கியவள் அன்றைக்கு விரல்விட்டு எண்ணினாள். பத்தொன்பது நாள்.

பத்தொன்பது நாள் அவன் உயிரோடு ஒரு கட்டிலில் கிடந்திருக்கிறான். அந்தப் பத்தொன்பது காலையும் அவள் இங்கே உட்கார்ந்து, தட்டி, பூஜ்யம்பா என்று சொல்லியிருக்கிறாள். அப்பா நல்லது என்று டீ குடித்திருக்கிறார். அதற்கப்புறம் அறுபது நாள் பிணவறையில் வைத்திருந்துவிட்டு, கேட்பாரில்லை என்று எழுதி, அடக்கம் செய்திருக்கிறார்கள். கேட்பார் இருந்தார்கள். தினமும் ஆறரை மணிக்குக் கேட்டார்கள். கேட்கத் தெரியாமல் கேட்டார்கள்.

வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மாணவிக்கு எழுதிய கடிதம் பாதியில் நின்றது.

அந்த ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். அப்பா ஆறு வருஷம் ஓட்டிய தடம். வாசலிலேயே நிறுத்தம், எத்தனை ஆயிரம் தடவை அங்கே பிரேக் போட்டிருப்பாரோ. ஆவண அறை படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. இரும்பு அலமாரிகளுக்கு நடுவே ஐம்பது வயசுக் குமாஸ்தா ஒருவர் காகிதக் கட்டுகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பதிவு எண்ணைச் சொன்னதும் நல்ல மனுஷன், எதுவும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முதலில் போட்டோவைக் காட்டினார். அவள் பார்த்தாள். தலையில் கட்டு, கண் மூடியிருந்தது. தாடி வளர்ந்திருந்தது. அவன்தான்.

"சொந்தமாம்மா?"

"தம்பி."

குமாஸ்தா கயிற்றைக் கீழே வைத்தார். பிறகு கையால் எழுதிய பழைய பேரேட்டை எடுத்து விரித்து, அவளுக்குத் தெரியும்படி திருப்பி வைத்தார். வயது என்ற கட்டத்தில் முப்பது என்று எழுதி, அதன்மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அடித்திருந்தது.

"வார்டு நர்ஸ் பாத்த உடனேயே முப்பதுதான் இருக்கும்னு சொன்னாங்கம்மா. நானும் எழுதிட்டேன். அப்புறம் மேலேருந்து வந்த சுற்றறிக்கை ஞாபகம் வந்துச்சு. தெரியாததை எழுதக் கூடாதுன்னு. அதான் அடிச்சுட்டு, கம்ப்யூட்டர்ல காலியா விட்டேன்." அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தார். "சரியாத்தானே செஞ்சேன்?"

அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். அவ்வளவு நேர்த்தியான கோடு. அவள் தன் வாழ்நாளில் எழுதிய ஒரே ஒரு சுற்றறிக்கையை அட்சரம் பிசகாமல் மதித்த மனிதர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் ஒரு சோம்பேறியாக இருந்திருந்தால், பத்தாம் நாள் காலையில் திரையில் ஒன்று என்று வந்திருக்கும். அப்பா அந்த வீங்கிய முட்டியோடு இருபது நிமிஷத்தில் இங்கே வந்திருப்பார்.

"சரியாத்தான் செஞ்சீங்க," என்றாள்.

அவர் ஒரு பையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். உள்ளே துவைக்காத நீலச் சட்டை, பெல்ட், ஒரு செருப்பு. அடக்கம் செய்த இடத்தின் வரிசை எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி, மடித்து, பையின் மேல் வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் விடலாமா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தாள். அவன் செத்ததைச் சொல்லி, பத்தொன்பது நாளை மட்டும் மறைக்கலாமா என்றும் யோசித்தாள். ஆனால் அவரை வீட்டில் உட்காரவைத்தது அவள். மறைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

அப்பா கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டார். முடிந்ததும், "அந்த வயசு கட்டம்..." என்றார்.

"காலியா இருந்துச்சுப்பா."

"காலியா இருந்தா?"

"நான் கேட்ட கேள்விக்கு அவன் வரமாட்டான்."

"வயசே கேக்காம இருந்திருந்தா?"

"வந்திருப்பான்ப்பா."

"அப்ப உயிரோட இருந்தானா?"

"இருந்தான்."

அவர் திட்டினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. துரையைத் திட்டியதில் நூறில் ஒரு பங்கு திட்டியிருந்தாலும் காலில் விழுந்து அழுதிருப்பாள். அவர் பையை இழுத்துச் சட்டையை எடுத்து மடியில் விரித்தார். கடைசிப் பொத்தானில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். மற்ற பொத்தானெல்லாம் நீல நூலில் இருக்க, அது மட்டும் கறுப்பு நூலில் தைத்திருந்தது. காக்கிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துப் பழகியவர் அப்பா. அன்றைக்கு நீல நூல் அகப்படவில்லை. உள்ளேதானே போகுது, எவன் பாக்கறான் என்று சொல்லித் தைத்துக் கொடுத்ததே அவர்தான். அவள் வாசற்படியில் நின்று கேட்டிருக்கிறாள்.

அப்பா வெங்காயத்தைத் தட்டோடு அவளிடம் கொடுத்துவிட்டு, சட்டையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். இருவரும் சாப்பிடவில்லை.

காலையில் அவள் மேஜைக்குப் பக்கத்தில் போகவே இல்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். இனிமேல் ஆறரை மணி என்று ஒன்று எதற்கு என்று நினைத்தபோதே, தம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். இரண்டு தம்ளர் டீ. அப்பா குளித்து, தலை வாரி, கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த நீலச் சட்டை, துவைத்து, இன்னும் ஈரமாக.

"இங்க வா. இதைப் பாரு," என்றார்.

கடைசிப் பொத்தானைக் காட்டினார். நீல நூலில் தைத்திருந்தது. தையல் புதிது, முடிச்சின் வால்கூட வெட்டவில்லை. அவருடைய நாற்காலிக்குக் கீழே கறுப்பு நூலின் துணுக்குகள் கிடந்தன.

"நம்ம துரை சட்டையில கறுப்பு நூல். இது நீலம். இது வேற யாரோ."

"அப்பா..."

"நகம் இல்லாதவன் ஊர்ல அவன் ஒருத்தன்தானா? போடும்மா. நேரம் ஆச்சு."

அவள் நின்றாள். நிற்கிற நேரமெல்லாம் அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழி தெரியாமல் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

"இனிமே வயசு காலியா இருக்கறவங்களையும் சேத்துக்கறேன்ப்பா," என்றாள்.

"வேண்டாம்," என்றார் அப்பா. "வயசு போட்டே கேளு. எப்பவும் கேக்கற மாதிரி கேளு."

கேட்டால் என்ன வரும், ஏன் வரும் என்று இப்போது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆம்பளை. இருபத்தஞ்சுலேருந்து முப்பத்தஞ்சு. உயரம். நேத்து ஏத்தினது. சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். அவர் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"தட்டு."

தட்டினாள்.

"என்ன வந்துச்சு?"

"பூஜ்யம்பா."

"நல்லது," என்றார் அப்பா. பிறகு டீயை எடுக்காமல், அந்த ஈரச் சட்டையின் நீலப் பொத்தானையே தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.